பதினேழு பேர்

1948 ஜூன் 6, ஞாயிறு

வீட்டுமுன் நிற்கும் லிண்டன் மரத்தில் பூ பறித்தேன். குளிர்காலத் தேநீருக்கு இரண்டு தலையணை உறை நிறையக் கிடைத்தது. மேல்கிளைகள் மாடியில் தம்பி ஆசெனின் ஜன்னலை ஒட்டியே இருக்கின்றன. அங்கிருந்து கை நீட்டினால் எட்டும். நான் ஏணியில் நிற்பதைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டான். அவன் மனைவி ஸ்தான்கா இறங்கி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தம்பி என்னோடு பேசி மூன்று வருடமாகப் போகிறது. கீழ்வீடு எனக்கு, மாடி அவனுக்கு என்று அப்பா எழுதிவைத்துவிட்டுப் போனார். வாசல்படி ஒன்றுதான். காலடிச் சத்தத்தை வைத்து யாரென்று தெரிந்துகொண்டு, ஒருவர் போனபின் ஒருவர் வெளியே போகப் பழகிவிட்டோம்.

ஜூன் 13, ஞாயிறு

கட்சிக் கிளையின் கூட்டம். நாற்பது நாற்காலி போட்டிருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள்.

கம்யூனிஸ்ட் கட்சியின் ஊர்க் கமிட்டியிலிருந்து தோழர் மினேவ் வந்திருந்தார். முன்பு உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். எங்கள் சமூக ஜனநாயகக் கட்சி வரும் ஆகஸ்டில் அவர்கள் கட்சியோடு இணைகிறது என்றார். இணைவதா வேண்டாமா என்று எங்கே ஓட்டெடுத்தார்கள் என்று பீப்பாய் செய்யும் முதியவர் கேட்டார். அது சோஃபியாவில் முடிவாகிவிட்டது, இங்கே கைதட்டினால் போதும் என்றார் மினேவ். கைதட்டினோம்.

அப்பா 1894-ல் இந்த டான்யூப் கரை ஊரில் கிளையைத் தொடங்கியபோது எட்டே பேர். 1903-ல் கட்சி முதல்முறை உடைந்தது. எல்லாத் தரப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற 'பரந்தவர்கள்' ஒரு பக்கம், பாட்டாளி மட்டும் போதும் என்ற 'குறுகியவர்கள்' மறுபக்கம். குறுகியவர்கள் பிற்பாடு கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். அப்பா சாகும்வரை பரந்தவர். 1934-ல் எல்லாக் கட்சிகளையும் தடை செய்தபோது கிளையின் நடவடிக்கைப் புத்தகத்தைத் தகரப்பெட்டியில் வைத்துக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்தார். பத்து வருடம் கழித்து, 1944-ல், நான்தான் தோண்டி எடுத்தேன். அப்போது அவர் இல்லை. அன்றிலிருந்து நான் செயலாளர்.

மறு வருடமே மறுபடி உடைந்தோம். கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கத்தில் நீடிப்பதா, வெளியேறி எதிர்ப்பதா? நீடித்தால்தான் கட்சி பிழைக்கும் என்றேன். இப்படிப் பிழைப்பதைவிடச் சாகட்டும் என்றான் ஆசென். இருபத்து மூன்று பேர் என் பக்கம், பதினேழு பேர் அவன் பக்கம். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

இருபத்து மூன்றில் இன்று பதினொன்று.

ஜூன் 22

நான் வேலை பார்க்கும் நூலகத்தின் சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது. கடிகாரக்காரர் பெங்கோவிடம் எடுத்துப் போனேன். அவர் அந்தப் பதினேழில் ஒருவர். ஆனாலும் என்னைப் பார்த்தால் எழுந்து நாற்காலி போடுவார். நெஞ்சுச்சளி அவரை விடுவதாக இல்லை. 1945 கூட்டத்தில் கைகளை எண்ணியவர் அவர்தான். பெயர்களை எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்று அன்றைக்குக் கேட்டுக்கொண்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆவணம் என்றால் முழுதாக இருக்க வேண்டும். உட்கார்ந்திருந்த வரிசையிலேயே பெயர்களை எழுதினேன்.

கடிகாரம் வியாழக்கிழமை கிடைக்கும்.

ஜூலை 14, புதன்

சோஃபியாவில் எதிர்க்கட்சிச் சமூக ஜனநாயகவாதிகளைக் கைது செய்திருப்பதாகச் செய்தித்தாளில் ஒரு பத்தி. நாலாம் பக்கத்தில், அறுவடைச் செய்திக்குக் கீழே. நூலகத்தில் அந்தத் தாளை யாரும் கேட்டு வாங்கவில்லை. எல்லோரும் வீட்டிலேயே படித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜூலை 16, வெள்ளி

நண்பகலில் ஆசெனைப் பிடித்துப் போனார்கள். வேலை பார்த்த அச்சகத்தை மூடியதிலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். படகிலிருந்து இறங்கும் பலகையிலேயே வைத்துப் பிடித்தார்களாம். தோளில் இருந்த சிமெண்ட் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வருகிறேன் என்றானாம். இறக்கிவைக்க விட்டார்கள்.

ஸ்தான்கா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் அவள் இங்கே உட்கார்ந்தது இதுதான் முதல்முறை.

ஜூலை 17

அலமாரிகளில் பூச்சிமருந்து அடித்தோம்.

ஜூலை 29, வியாழன்

அழுக்குத்துணியை வாங்கிக்கொண்டு மாற்றுத்துணி கொடுக்கலாம் என்று காவல் நிலையத்தில் சொன்னார்களாம். ஸ்தான்கா மூட்டையை என் மேசைமேல் வைத்துப் பிரித்தாள். சட்டையின் முதுகுப்புறம் துணி விறைத்துப்போய் மடக்க முடியாமல் இருந்தது. இந்த மாதிரிக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் சரி, வெந்நீர் ஊற்றினால் கறை இறுகிவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். மூன்று தண்ணீர் மாற்றினோம். நாலாவதிலும் தண்ணீர் தெளியவில்லை.

அவன் யாருடைய பெயரையும் சொல்ல மாட்டேன் என்கிறானாம். காவலாளி ஒருவன் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

ஆகஸ்ட் 3

மினேவ் நூலகத்துக்கு வந்தார். இணைப்புக்கான படிவத்தை மேசைமேல் வைத்தார். பெயர், தொழில், பெற்றோர், பகைக் குழுக்களில் உறவினர் உண்டா. உண்டு என்று எழுதினேன். மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு புத்தகத்தைப் பற்றிப் பேசினார். 1894-லிருந்து எங்கள் கிளையின் நடவடிக்கைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டாராம். இயக்கத்தின் வரலாறு எல்லோருக்கும் பொதுவான சொத்து, அருங்காட்சியகம் ஒன்று வரப்போகிறது, இப்படிப்பட்ட புத்தகம் தனியார் வீட்டில் கிடந்து செல்லரிக்கலாமா என்றார். நியாயமான பேச்சுதான். 1945 நடவடிக்கையும் அதே புத்தகத்தில்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எழுந்து போகும்போது தொப்பியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "சத்தம் போட்ட நாலைந்து பேரைத்தான் எங்களுக்குத் தெரியும் தோழர் நெவெனா. மத்தவங்க பேரை உங்க தம்பிகிட்டதான் கேட்டுட்டிருக்கோம். வேற வழியில தெரிஞ்சுட்டா அவரைக் கேக்க வேண்டிய அவசியமே இருக்காது."

ஆகஸ்ட் 11

சோஃபியாவில் இணைப்பு முடிந்தது. வானொலியில் கேட்டேன். எங்கள் கட்சியின் பெயரைக் கடைசியாக ஒருமுறை முழுதாகச் சொன்னார்கள். பிறகு இசை.

ஆகஸ்ட் 12

ஸ்தான்கா இன்னொரு சட்டை கொண்டுவந்தாள்.

ஆகஸ்ட் 13

கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 1945-ன் பெயர்கள் உள்ள பக்கத்தின் எண் 212. பக்க எண்களை நானே இட்டிருக்கிறேன். ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். தவிர, ஒரு வரலாற்று ஆவணத்தைச் சிதைப்பது என் தொழிலில் பெரிய குற்றம். நூலகத்தில் படத்தைக் கிழித்த பிள்ளைகளை எத்தனை முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

கத்தரிக்கோலைத் தையல் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, சனி

காலையில் சில காகிதங்களைக் கமிட்டியில் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் தக்காளி வாங்கினேன். நல்ல பழமாக இல்லை.

ஆகஸ்ட் 19

இந்த வாரம் வந்த சட்டையில் வியர்வை மட்டும்தான். ஸ்தான்கா அதை முகத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

செப்டம்பர் 4, சனி

மிளகாய் சுட்டுத் தோலுரித்தோம். முப்பது கிலோ. ஸ்தான்கா அடுப்பருகே, நான் கத்தியோடு. முந்தாநாள் தொடங்கி இன்றுவரை ஆறு பேரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னாள். கையெல்லாம் எரிச்சல்.

செப்டம்பர் 9

விடுதலை நாள் ஊர்வலம். நூலகத்தின் சார்பில் நானும் நடந்தேன். எனக்கு முன்னால் பீப்பாய் செய்யும் முதியவர் கொடி பிடித்துக்கொண்டு போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 15, புதன்

பதினான்கு பேர். பெங்கோவும் உள்ளே போனார், ஆனால் மூன்றாம் நாளே விட்டுவிட்டார்கள். நெஞ்சு நோய்க்காரர் அங்கேயே செத்துப்போனால் தொந்தரவு என்று நினைத்திருக்கலாம். மற்றவர்கள் யாரும் வெளியே வரவில்லை.

செப்டம்பர் 17

ஸ்தான்கா வந்தாள். காவல் நிலைய வாசலில் மற்ற மனைவிமாரோடு நின்றுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள்.

"பேரை வரிசையா வாசிச்சாங்களாம் அண்ணி. கொல்லர் இலியா பேரைக்கூட வாசிச்சு எங்கேன்னு கேட்டாங்களாம். அவர் செத்து ரெண்டு வருஷமாச்சு. நாப்பத்தஞ்சாம் வருஷத்துக் காகிதத்தை யாரோ கொடுத்திருக்காங்க."

நான் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பெங்கோதான் அன்னைக்கு எண்ணினார். அவர்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் இருந்திருக்கும். இல்லேன்னா அவரை மட்டும் ஏன் விடணும்? எல்லாரும் அதான் சொல்றாங்க." பிறகு கேட்டாள்: "புத்தகம் உங்ககிட்ட பத்திரமா இருக்கில்ல அண்ணி?"

இருக்கிறது என்றேன்.

குளிராக இருக்கிறதா, ஏன் ஜன்னலைச் சாத்தினீர்கள் என்று கேட்டாள்.

அக்டோபர் 30

கோசு ஊறவைத்த பீப்பாயை நிலவறைக்கு உருட்டினோம். தனியாளாக என்னால் முடியாது, ஸ்தான்காதான் தள்ளினாள்.

டிசம்பர் 7, செவ்வாய்

தீர்ப்பு. ஆசெனுக்கு ஐந்து வருடம். மற்றவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு. விசாரணை இருபது நிமிடம் நடந்தது. ஆசென் எழுந்து நின்றபோது ஒரு காதைத் திருப்பிக் காட்டிக்காட்டித்தான் கேட்டான். ஸ்தான்கா இருந்த பக்கம் பார்த்தான். நான் அவளுக்கு அடுத்த இருக்கையில்தான் இருந்தேன்.

வேலையில் நான் நீடிக்கிறேன். தலைமை நூலகர் பதவியும் தந்தார்கள். ஆட்கள் குறைவு என்பதுதான் காரணம்.

1949 பிப்ரவரி 2

எடுக்க வேண்டிய நூல்களின் பட்டியல் வந்தது. எழுபத்து மூன்று தலைப்புகள். சமூக ஜனநாயகத்தின் வரலாறு என்று அப்பா நன்கொடையாகக் கொடுத்த ஒன்பது தொகுதிகளும் அதில். கட்டிவைத்தேன். வண்டி வந்து எடுத்துப் போனது.

ஏப்ரல் 20

ஸ்தான்காவை ஊரைவிட்டு வெளியேற்றுகிறார்கள். கைதிகளின் குடும்பங்கள் எல்லையோர ஊரில் இருக்கக் கூடாதாம். எதிர்க்கரை ருமேனியா. தொப்ரூஜா பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார்கள். ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளலாம். என் கம்பளிக் கோட்டைக் கொடுத்தேன். மறுத்தாள், பிறகு வாங்கிக்கொண்டாள். வண்டி ஏறும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவர் வரும்போது வீட்டில் நீங்களாவது இருங்கள் என்றாள்.

மே 1

மாடியில் யாரும் இல்லை. வாடகைக்கு ஆள் வைப்பார்கள் என்று நினைத்தேன். இதுவரை வரவில்லை.

ஜூலை 24

ஆசெனை ஆற்றின் நடுவே உள்ள தீவு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கிருந்து கீழே போகும் படகுகள் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகின்றன. இப்போதெல்லாம் படகு ஊதினால் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறேன். பழக்கமாகிவிட்டது.

1950 மார்ச் 11

பெங்கோவின் கடைமுன்னால் கடந்துபோனேன். மேசைமேல் ஒரு கடிகாரம்கூட இல்லை. ஊரில் இப்போது யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. பழுதானால் பக்கத்து ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு அவசர வேலை இருந்தது.

1951 ஜனவரி 26, வெள்ளி

கிராம மன்றத்திலிருந்து கடிதம். ஸ்தான்கா இம்மாதம் 9-ம் தேதி நிமோனியாவில் இறந்துவிட்டாள். அடக்கம் செய்தாயிற்று. உடைமைகளைப் பெற உறவினர் வரலாம். உடைமை என்று மூன்று பொருள் எழுதியிருந்தார்கள். பெண்களுக்கான கம்பளிக் கோட்டு, ஒன்று. பித்தளைப் பாத்திரம், ஒன்று. படம், சட்டமிட்டது, ஒன்று.

போகவில்லை. பனியில் ரயில் ஓடவில்லை.

ஜனவரி 27

ரயில் ஓடியது. அப்போதும் போகவில்லை.

1952

இந்த வருடம் முழுவதும் எழுதவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். எழுத ஒன்றும் இருக்கவில்லை. நூலகத்துக்குப் புதிய கூரை போட்டார்கள்.

1953 மார்ச் 9

மாஸ்கோவில் இறந்தவருக்காக ஊர் முழுதும் ஐந்து நிமிடம் சங்கு ஊதியது. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றோம். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, சனி

தீவை மூடுகிறார்கள் என்று பேச்சு. பிற்பகல் மூன்று மணிக்கு வாசலில் ஒரு கிழவர் நின்றார். நூலகத்து ஆள் யாரோ என்று நினைத்து என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அக்கா" என்றான்.

எட்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். சூப் ஊற்றிக் கொடுத்தேன். தட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டான். ஸ்தான்காவைப் பற்றி அவனுக்கு முகாமில் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். தட்டைக் கீழே வைத்தான். பிறகு மறுபடி எடுத்துச் சாப்பிட்டு முடித்தான்.

செப்டம்பர் 20

மாடி ஏற முடியவில்லை அவனால். அப்பாவின் கட்டிலைக் கீழே போட்டிருக்கிறேன். இடது காது கேட்கவில்லை, வலது பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

இன்று தானாகவே சொன்னான். "மூணு வாரம் அடிச்சாங்க. ஒரு பேர் சொல்லல. அப்புறம் நாலு நாள் கூப்பிடவே இல்ல. ஏன் விட்டுட்டாங்கன்னு எனக்குப் புரியல. ஒருநாள் உள்ள கூட்டிட்டுப் போயி அவங்களே வரிசையா வாசிச்சாங்க. அன்னைக்குத்தான் நான் அழுதேன்."

ரொட்டியை நனைத்துக் கொடுத்தேன். அவனுக்கு இப்போது பற்கள் கிடையாது.

புத்தகம் எங்கே என்று கேட்டான். நாற்பத்தொன்பதில் எரித்துவிட்டேன், சோதனைக்கு வருவார்கள் என்று பயமாக இருந்தது என்றேன். நல்லதுதான் செய்தாய் என்றான். சிறிது நேரம் கழித்து, நீ அந்தப் பக்கம் போனபோது உன்னைப் பற்றி என்னென்னவோ பேசினேன், அதெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே என்றான்.

அக்டோபர் 2, வெள்ளி

ரொட்டிக் கடை வரிசையில் பெங்கோ நின்றிருந்தார். ஆசெனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். ஆசென் அவர் முன்னால் போய் நின்று முகத்தையே பார்த்தான். பிறகு ரொட்டி வாங்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தான். வரிசையில் இருந்தவர்கள் பெங்கோவைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள்.

அக்டோபர் 6, செவ்வாய்

பெங்கோ நூலகத்துக்கு வந்தார். வாசகர் யாரும் இல்லாத நேரம். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"அன்னைக்கு என்னை விசாரிச்சப்ப புத்தகம் மேசைமேல விரிச்சு இருந்துச்சு. உங்க எழுத்து எனக்குத் தெரியும். ஆசெனை அடிச்சிட்டிருந்தாங்க, அதுக்காகத்தான் கொடுத்திருப்பீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அதனாலதான் இத்தனை வருஷம் வாய் திறக்கல."

இருமல் வந்தது. முடியும்வரை காத்திருந்தேன்.

"ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு நாள் எண்ணியாச்சு, ஊர் எப்படி வேணா நினைச்சுக்கட்டும். ஆசென்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால தாங்க முடியல."

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் போய் நன்றி சொன்னார்.

அக்டோபர் 11, ஞாயிறு

சொல்வதற்காகத்தான் காலையில் அவன் பக்கத்தில், வலது பக்கம், உட்கார்ந்தேன். அவன் முந்திக்கொண்டான். முகாமில் இருந்த நாட்களில் ஒரு யோசனை அவனுக்கு வந்ததாம். புத்தகம் போய்விட்டது. அப்பா காலத்து ஆட்கள் யாரும் இல்லை. கட்சி என்று ஒன்று இருந்ததே பத்து வருடத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். நம் கிளையின் வரலாற்றை நாம் இரண்டு பேரும் எழுதிவைக்க வேண்டும். அவனுக்கு விரல்கள் மடங்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். "எனக்கு இனிமே நீ மட்டும்தான்க்கா" என்றான்.

எட்டு வருடம் அவனோடு பேசாமல் இருந்துவிட்டு, ஒரு மாதமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டு எடுத்துவந்தேன். 1894, எட்டுப் பேர், என்று தொடங்கினோம்.

அக்டோபர் 18, ஞாயிறு

1903 முடிந்தது. பரந்தவர், குறுகியவர் பற்றி அவன் சொன்னதில் இரண்டு தேதிகள் தவறு. திருத்தினேன். உனக்கு எப்படி எல்லாம் நினைவிருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். வெயில் நன்றாக அடித்தது.

நவம்பர் 1

1934. தடை.

நவம்பர் 8

1945. இருபத்து மூன்று, பதினேழு. என் பக்கத்து வாதத்தையும் நியாயமாகவே சொல்லி எழுதச் சொன்னான். நானே அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

நவம்பர் 12

பெங்கோவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நூலகத்தில் துப்புரவு செய்பவள் சொன்னாள். என்னைக் கேட்டாராம், நெவெனா அம்மா ஏதாவது சொல்லி அனுப்பினார்களா என்று.

நவம்பர் 15, ஞாயிறு

ஆசென் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். இன்று நாற்பத்தெட்டு என்றான். நானும் பேனாவில் மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இணைப்பைப் பற்றி இரண்டு பத்தி. கைதுகளைப் பற்றி ஒரு பத்தி. பதினேழு பெயர்களையும் வரிசையாகச் சொன்னான். எனக்கு அந்த வரிசை தெரியும். அவன் ஒன்றை மாற்றிச் சொன்னான், நான் திருத்தவில்லை. பிறகு நிறுத்தி, வார்த்தைகளைத் தேர்ந்து, நிதானமாகச் சொன்னான்: "இவர்களை 1948 செப்டம்பரில் காட்டிக்கொடுத்தவர் இவர்களில் ஒருவரான கடிகாரக்காரர் பெங்கோ."

அதை நம்மால் நிரூபிக்க முடியாதே என்றேன். என் குரல் அவனுடைய இடது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். என்ன என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"எழுதிட்டியா?"

எழுதினேன். எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். வாசித்துக் காட்டு என்றான். வாசித்தேன்.